எலிக்குப் பத்துப் பயறு

எமர்ஜென்சி காலத்தில் மலாயா முழுவதிலும் சுண்டெலிக்குச் சாப்பாட்டுப் பெர்மிட் வாங்கிக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் எலி டிரசர்தான். இதை யாராவது மறுத்தால் இந்த வயதிலும் நான் சண்டைக்குத் தயார். அந்தப் பெர்மிட்டை என் கண்ணால் பார்த்தேன், கையால் தொட்டேன். அதில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் கையெழுத்து இருந்தது, ஆபீஸ் முத்திரை இருந்தது, "எலிக்கு, நாள் ஒன்றுக்குப் பச்சைப்பயறு பத்து" என்று தட்டச்சில் தெளிவாக அடித்தும் இருந்தது.

திகாம் பத்துவிலிருந்து செம்மண் பாதையில் நாலு மைல் உள்ளே போனால் எங்கள் ரப்பர் தோட்டம். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். ஒரே அறை, ஆறு வகுப்பு, நாற்பத்து மூன்று பிள்ளைகள், எல்லாருக்கும் சேர்த்து நான் ஒருத்தி. டிரசர் என்பவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர், கம்பவுண்டர், நர்ஸ், பல் பிடுங்குகிறவர் எல்லாமாக இருக்கிற ஒரே ஆள். எங்கள் டிரசருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். நான் வேலைக்குப் போன வருஷத்திலேயே அது எல்லாருக்கும் மறந்து போயிருந்தது.

அதில் ஒரு நியாயமும் உண்டு. அவருக்கும் யார் பெயரும் நினைவில் நிற்காது. ஞாபகசக்தியைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிற மனிதருக்கு ஞாபகசக்தி சுத்தமாகக் கிடையாது. ஆட்களை நோயை வைத்துத்தான் கூப்பிடுவார். கங்காணி அவருக்கு "இடது முழங்கால்". பிள்ளைக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா "இடுப்புவலி". கணக்கும் கடிதமும் எழுதுகிற பெரிய கிராணி, ஆபீசில் துரைக்கு அடுத்தபடி எல்லாரும் பயப்படுகிற பெரிய மனிதர், அவரை நடுரோட்டில் நிறுத்தி, "என்னா அஜீரணம், ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்பார். நான் "தொண்டை". பிள்ளைகளுக்கு முன்னால் மட்டும் மரியாதை கொடுத்துத் "தொண்டை டீச்சர்" என்பார்.

பல் பிடுங்கப் போனால் அவரிடம் ஒரு சோதனை உண்டு. குறடை எடுப்பதற்கு முன்னால், "குடை, வாழைப்பூ, ஜன்னல். மூணையும் ஞாபகம் வச்சுக்க" என்பார். பல்லைப் பிடுங்கி முடித்து, வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, "இப்ப சொல்லு, என்னா மூணு?" என்று கேட்பார். யாரும் சொன்னதில்லை. வாயில் பஞ்சோடு எப்படிச் சொல்வது? பல்லோடு சேர்ந்து கொஞ்சம் ஞாபகமும் வெளியே வந்துவிடுகிறது என்று ஒரு வாரம் பயந்துபோய்த் திரிந்தார். அந்த வாரம் யாருக்கும் பல் பிடுங்கவில்லை. தோட்டத்தில் பாதிப் பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டினார்கள்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு கிழிந்த தாள். ஆஸ்பத்திரிக்குப் பஞ்சும் மருந்தும் வரும் பெட்டியில், பாட்டில் உடையாமல் இருக்க, பழைய இங்கிலீஷ் வைத்தியப் பத்திரிகைகளைக் கசக்கித் திணித்திருப்பார்கள். அதில் ஒரு தாளை நீவி எடுத்துப் படித்தவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. முட்டையின் வெள்ளைக்கருவில் இருப்பது மாதிரியான புரதச் சரக்கு மூளையிலும் இருக்கிறதாம். பழக்கவழக்கமும் ஞாபகமும் அதைப் பொறுத்தவையா என்று அந்தத் தாள் கேள்வி கேட்டிருந்தது. "எடுத்துக்காட்டாக, ஒரு சுண்டெலியை..." என்று ஆரம்பித்து, அந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

"டீச்சர், சுண்டெலியை என்னா பண்ணினான்? அதச் சொல்லாம கிழிச்சுட்டாங்களே!" என்று என்னிடம் வந்து கையை விரித்தார்.

"பெட்டி அனுப்புன கம்பெனிக்கு எழுதிக் கேளுங்க டிரசர்."

"எழுதினேன். இன்னும் நாலு பெட்டி பஞ்சு அனுப்பிட்டான்லா."

சரி, மீதியை நாமே கண்டுபிடித்துவிடுவோம் என்று அரிசி ஸ்டோரில் ஆறு சுண்டெலிகளைப் பிடித்துவந்தார். அதிலிருந்து அவர் எலி டிரசர்.

இதுவரை சிரிக்கிற கதை. இனி என் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக் கூடாது என்று தொழிலாளர்களின் லயன் வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்த காலம் அது. ஒரே வாசல், அதில் ஒரு மலாய்க்கார போலீஸ்காரர். பால் மரம் வெட்டப் போகிறவர்கள் வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு கொண்டுபோகக் கூடாது. போனால் ஜெயில். அரிசி அளந்துதான் வரும். அளவுக்கு மேல் ஒரு கைப்பிடிப் பயறு உள்ளே வரவும் முடியாது. இருட்டோடு அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் வெறும் வயிற்றோடு என் முன்னால் வந்து உட்காருவார்கள்.

நேற்றுச் சொல்லிக்கொடுத்தது இன்றைக்கு இருக்காது. முதல் வரிசையில் மாரி என்று ஒருவன். நல்ல பையன். "ஏழெட்டு எத்தனைடா?" என்று கேட்டேன். என்னை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இன்னும் பசியாறல டீச்சர்" என்றான். அன்றைக்குப் பிரம்பைத் தூக்கிக் கூரை மேல் போட்டுவிட்டேன். அதற்கு மேல் எனக்கும் ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

டிரசருக்குத் தெரிந்தது. "காலையில ஆளுக்கு ஒரு கரண்டி அவிச்ச பயறு, அவ்வளவுதான் டீச்சர். மூளையில சரக்கு இல்லாம பாடம் எதுல ஒட்டும்?" என்று துரைக்கு மனு எழுதினார். பதில் வரவில்லை. மறுபடி எழுதினார். நோயாளிகளின் சீட்டுக்குப் பின்பக்கத்தில்கூட எழுதி அனுப்பினார். கடைசியில் துரை கூப்பிட்டு, உணவுக் கட்டுப்பாட்டு அதிகாரி சம்மதிக்காமல் ஒரு மணி பயறுகூட அதிகமாக விட முடியாது, உன் மூளைச் சரக்குக்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டார்.

"அத்தாட்சிக்குத்தான் எலி இருக்கு சார். பெர்மிட் குடுங்க" என்றாராம் இவர்.

இவரை வெளியே அனுப்ப வேறு வழி தெரியாமல் துரை கையெழுத்துப் போட்டார் என்று பெரிய கிராணி பிற்பாடு சொன்னார். அப்படித்தான் அந்தப் பத்துப் பயறு பெர்மிட் பிறந்தது. டிரசரின் வீடு வேலிக்கு உள்ளே, ஆஸ்பத்திரி பழைய இடத்திலேயே வேலிக்கு வெளியே. தினமும் காலையில் அவர் ஒரு தீப்பெட்டியில் பயறைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருவார். போலீஸ்காரர் தீப்பெட்டியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டி, சத்து, டுவா, தீகா என்று மலாயில் பத்து வரைக்கும் எண்ணுவார். பின்னால் பால் வாளியோடு முப்பது பேர் நிற்பார்கள். ஒருநாள் பதினொன்று இருந்துவிட்டது. பெரிய கலவரம். பதினொன்றாவது பயறைக் காகிதத்தில் மடித்துப் பறிமுதல் புத்தகத்தில் எழுதி, டிரசரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் வாசல் திறந்தது. அன்றைக்குத் தோட்டமே தாமதமாக மரம் வெட்டியது.

ஆறு எலிகளில் நாலு, ஆஸ்பத்திரிப் பூனையின் மூளைக்குச் சத்தாகிவிட்டன. மிஞ்சிய இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றுக்குப் பத்துப் பயறு, அதன் பெயர் பயறு. மற்றதற்கு வெறும் மரவள்ளிக்கிழங்கு, வேலிக்கு வெளியே ஆஸ்பத்திரிப் புறக்கடையில் தானாக முளைத்துக் கிடந்தது. அதன் பெயர் கிழங்கு. மருந்துப் பெட்டிப் பலகைகளால் ஓர் ஓட்டப்பெட்டி செய்திருந்தார். ஏழு வளைவு, நாலு முட்டுச்சந்து, கடைசியில் ஒரு துணுக்குத் தேங்காய். எலியை உள்ளே விட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்துக்கொள்வார். காய்ச்சலோடு வந்தவர்கள் அவரைத் தாண்டிப் போய்த் தாங்களாகவே மாத்திரை எடுத்துக்கொள்வார்கள்.

முதல் இரண்டு வாரம் அவர் வானத்தில் பறந்தார். "தொண்டை! ஓடி வாங்க, ஓடி வாங்க!" என்று ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கத்துவார். பயறு நேற்றுப் போன வழியை இன்றைக்கு நினைவு வைத்திருக்கிறது. முட்டுச்சந்தில் ஒருமுறை இடித்துக்கொண்டால் மறுநாள் அந்தப் பக்கம் போவதில்லை. கிழங்குக்கு ஒவ்வொரு நாளும் முதல் நாள்தான். ஞாபகம் மட்டும் இல்லை, குணமும் மாறிவிட்டது. பயறு மூக்கை நீட்டி எல்லாவற்றையும் மோந்து பார்க்கும். கிழங்கு மூலையில் சுருண்டு நடுங்கும். கதவு சாத்தினால் பதறும், பிறகு பதறக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கும். "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று அவர் குதித்தார். நான் பார்த்தேன். அதுதான் வினை.

எங்கள் தோட்டத்தில் ஜப்பான்காரன் காலத்தைத் தாண்டி வந்தவர்கள்தான் எல்லாரும். நாலு வருஷம் மரவள்ளிக்கிழங்கு தின்று பிழைத்தவர்கள். கங்காணி சயாம் மரண ரயில் பாதை போடப் போய்த் திரும்பி வந்த ஆள். என் கடைசித் தம்பி அந்தக் கிழங்கைத் தின்று தின்று கை கால் வீங்கி, ஒருநாள் விடியும்போது எழுந்திருக்கவில்லை. கூண்டுக்குள் அந்த எலி கிழங்குத் துண்டைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதே, அதை என்னால் தாங்க முடியவில்லை. எலிதான், தெரியும். தாங்க முடியவில்லை.

மறுநாள் கொண்டைக்குள் மூன்று நெத்திலியைச் செருகிக்கொண்டு வாசலைத் தாண்டினேன். தொண்டைக்கு மருந்து வாங்கப் போகிறேன் என்று சொன்னேன். டிரசர் அலமாரிப் பக்கம் திரும்பிய நேரத்தில் கிழங்கின் கூண்டுக்குள் போட்டேன். அது முன்னங்கால்களில் நெத்திலியைப் பிடித்துக்கொண்டு தின்றதைப் பார்த்ததும் எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. பிடிபட்டால் ஜெயில், வேலை போகும், அதைவிட டிரசரின் அத்தாட்சி பாழாகும், என் பிள்ளைகளுடைய பயறு போகும் என்பதெல்லாம் புத்தியில் உறைத்தது. உறைத்தும் வாரத்தில் நாலு நாள் எனக்குத் தொண்டை வலித்தது.

மூன்றாவது வாரம் டிரசர் குழம்பிப்போய் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"டீச்சர், கிழங்கு தேறுது."

"அப்படியா டிரசர்?"

"நடுக்கம் நின்னுபோச்சு. நேத்து வழியெல்லாம் ஞாபகம் வச்சிருந்துச்சு. மூஞ்சியில ஒரு களை வேற. வெறும் கிழங்குல எப்படிலா?"

"காத்து நல்லா இருக்கும்" என்றேன். காற்று! ஒரு டீச்சர் பேசுகிற பேச்சா அது? மூன்று நெத்திலிக்கு இவ்வளவு சக்தி இருக்க முடியாதே என்று எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது.

இன்னும் ஒரு மாதம் வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே உணவுக் கட்டுப்பாட்டு அதிகாரி திடீரென்று வந்து இறங்கினார். சிவந்த மீசை வைத்த வெள்ளைக்காரர், பினாங்கு குதிரைப் பந்தயத்தை ஒரு வாரம் விடாதவர் என்று பெயர். துரை சாப்பாட்டு மேசையில் விளையாட்டாக எலிக் கதையைச் சொல்ல, அவர் துள்ளி எழுந்து, இன்றைக்கே ஓட விடுங்கள் என்றாராம். பயறு ஜெயித்தால் பள்ளிக்கூடத்துக்குப் பயறு. கிழங்கு ஜெயித்தால் இந்த மனுவை இனி யாரும் என்னிடம் நீட்டக் கூடாது. இதுதான் அவர் போட்ட நிபந்தனை.

ரப்பர்ப் பாலை எடை போட்டு முடிந்த நேரம். சேதி காட்டுத்தீயாகப் பரவி, தோட்டமே ஆஸ்பத்திரி முற்றத்தில் கூடிவிட்டது. நான் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டு ஓடினேன். அதிகாரி நாற்காலியில், பக்கத்தில் துரை, நடுவில் நின்று மொழிபெயர்க்கப் பெரிய கிராணி. வாசல் போலீஸ்காரர் துப்பாக்கியோடு எலிப்பெட்டிக்குக் காவல். டிரசர் துவைத்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார்.

முதலில் பயறு. நன்றாகத்தான் கிளம்பியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு வளைவு. "போடா கண்ணு, போ!" என்று ஆயா கத்தினாள். ஐந்தாவது வளைவில் அதிகாரியின் பளபளக்கும் பூட்ஸ் பலகை இடுக்கில் தெரிந்தது. பயறு நின்றது. பூட்ஸை உற்றுப் பார்த்தது. பிறகு உட்கார்ந்து, இன்றைக்குக் கல்யாணம் என்பது போல மீசையை ஒவ்வொரு மயிராகத் துடைக்க ஆரம்பித்தது. டிரசர் வியர்த்து வழிந்தார். துடைத்து முடித்து, நிதானமாக நடந்து, தேங்காயைத் தொட்டபோது ஒன்றரை நிமிஷம் ஓடியிருந்தது.

அடுத்தது கிழங்கு. கதவைத் தூக்கினார். நான் பார்த்தது ஒரு வால் மட்டும்தான். ஏழு வளைவும் அதற்கு ஒரே கோடாக இருந்திருக்க வேண்டும். டிரசர் கடிகாரத்தைப் பார்த்து நிமிர்வதற்குள் அது தேங்காயைத் தின்று முடித்து, அடுத்தது எங்கே என்பது போலத் தலையைத் தூக்கியது. பன்னிரண்டு செகண்டு.

அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். எழுதுகோலை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கிழங்கே போதும் போலிருக்கிறதே, வேலிக்குள் இடமிருக்கிறது, பிள்ளைகளுக்கும் அதையே நடுங்கள் என்று அவர் சொன்னதைப் பெரிய கிராணி தலையைக் குனிந்துகொண்டு மொழிபெயர்த்தார்.

கங்காணி டிரசரின் காதில், "வெள்ளைக்காரனுக்கு ரெண்டு எலியும் ஒண்ணுதான். கூண்டு மாறிப்போச்சுன்னு சொல்லிருங்க டிரசர்" என்றார். எனக்கும் கேட்டது.

டிரசர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பன்னிரண்டு என்று எழுதினார். "எலி பொய் சொல்லல, இடது முழங்கால். நான் எப்படிச் சொல்றது?" என்றார். இத்தனை நாளும் தூக்கிச் சுமந்த எண்ணத்தை அவர் தன் கையாலேயே ஒரு கோடு போட்டு அடித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி எழுந்து தொப்பியை எடுத்தார். எனக்கு மாரியின் முகம் கண்ணுக்குள் வந்தது. இன்றைக்கும் நான் எப்படி வாயைத் திறந்தேன் என்று தெரியவில்லை.

"நில்லுங்க! அது வெறும் கிழங்கு தின்ன எலி இல்ல. நான் நெத்திலி குடுத்தேன்!"

பெரிய கிராணி என்னைப் பார்த்தார், மொழிபெயர்க்கவா வேண்டாமா என்று கண்ணாலேயே கேட்டார். "சொல்லுங்க சார்" என்றேன். சொன்னார். அதிகாரியின் சிரிப்பு நின்றுவிட்டது. வேலிக்கு வெளியே உணவுப்பொருள் கொண்டுவந்தேன் என்று ஓர் அரசாங்க அதிகாரியின் முன்னால் ஒப்புக்கொண்டிருந்தேன்.

டிரசர் மட்டும் என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. "நெத்திலியா? எத்தனை, தொண்டை? எத்தனை நாளு? தலையோடவா, தலை இல்லாமலா?"

"மூணு. வாரத்துக்கு நாலு நாள். தலையோட."

"ஆகா!" என்று எழுதிக்கொண்டார். என்னை ஜெயிலில் போடப் போகிறார்கள் என்பது அவருக்கு எட்டவே இல்லை.

"டீச்சரை விடுங்க சாமி" என்று ஆயா முன்னால் வந்தாள். "நானும் குடுத்தேன். வெத்தலைப் பையில கருவாட்டுத் துண்டு. அது என் முகத்தப் பாத்துச்சு சாமி, நான் என்னா செய்ய?"

"இடுப்புவலி, கருவாடு!" என்று டிரசர் கத்திக்கொண்டே எழுதினார். "என்னா மீனு?"

கங்காணி தொண்டையைச் செருமினார். "அவிச்ச முட்டை. கால்வாசி. தலைப்பாயில வச்சுக் கொண்டாந்தேன். சயாமுல நாங்க தின்னதுதானே அந்தக் கிழங்கு. மனசு கேக்கலலா."

அதற்குப் பிறகு யாரை யார் முந்துவது என்று ஆகிவிட்டது. பருப்பு, சம்பல், கோழித்தோல். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய கிராணி ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தவர், மூச்சு விடாமல் கடைசியில் இன்னொன்றையும் சேர்த்தார். அதிகாரி திரும்பிப் பார்த்தார். கிராணி எங்களிடம் திரும்பித் தமிழில், "பால் பவுடர். நான்தான்" என்றார்.

"அஜீரணம், பால் பவுடர்!" டிரசரின் பென்சில் முனை ஒடிந்தது. பல்லால் கடித்துச் சீவிக்கொண்டார்.

அதிகாரி முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. வாசலில் காவல் நின்றவன் யார், இவ்வளவும் எப்படி வெளியே வந்தது என்று மேசையைத் தட்டினார். போலீஸ்காரர் துப்பாக்கியோடு ஓரடி முன்னால் வந்து சல்யூட் அடித்தார். "சாயா பூன் பெரி, துவான்" என்றார். நானும் கொடுத்தேன் ஐயா என்று அர்த்தம். தன் சாப்பாட்டிலிருந்து ஈக்கான் கெம்போங் மீனின் வால், தினமும். ஒரு பயறு அதிகமானதற்கு வழக்கு எழுதிய அதே மனிதர்!

இத்தனை பேரையும் ஏற்ற லாரி போதாதே என்று அதிகாரி யோசித்தாரோ என்னவோ, உதவிக்குத் துரையைப் பார்த்தார். துரை பைப்பை வாயிலிருந்து எடுத்துச் சாம்பல் கிண்ணத்தில் தட்டினார். ஜப்பான்காரன் சிறையில் மூன்று வருஷம் இருந்தவர் அவர். எங்களோடு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மெல்ல ஒரே ஒரு சொல் சொன்னார். அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

"சீஸ்."

டிரசர் துரையின் நோயைத் தேடித் தடுமாறி, கடைசியில் "துரை, சீஸ்" என்று எழுதினார். தரையில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். துள்ளி எழுந்தார். "பயறு தின்னதவிட மூணு மடங்கு! சரக்கு மூணு மடங்கு! அதான் ஓடுது! ஜெயிச்சது கிழங்கு இல்ல, நெத்திலியும் முட்டையும் மீனும் சீஸும்! என் எண்ணம் சரிதான் சார், சரிதான்!"

நான் அதிகாரியைப் பார்த்துச் சொன்னேன். "இந்த எலி என் பிள்ளைங்களவிட நல்லா சாப்பிட்டிருக்கு சார். அதுக்குப் பாடம் ஒட்டுது. என் பிள்ளைங்களுக்கு ஒட்டல." பெரிய கிராணி இதை ரொம்பக் கவனமாக, ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். அவருடைய இங்கிலீஷ் அவ்வளவு அழகாக இருந்து நான் கேட்டதில்லை.

அதிகாரி தொப்பியைத் திரும்ப மேசையில் வைத்தார். துரையோடு தாழ்ந்த குரலில் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு பையிலிருந்து எழுதுகோலை எடுத்தார். பிள்ளைக்கு ஒரு கரண்டி அவித்த பயறு, வேலிக்குள் அவித்து, போலீஸ்காரர் பார்க்க, பள்ளிக்கூட வாசலிலேயே தின்று முடிக்க வேண்டும். பச்சைப்பயறு ஒரு மணிகூட யார் கையிலும் தங்கக் கூடாது. இரண்டு எலிகளும் இன்றைக்கே வேலிக்குள் குடியேற வேண்டும், வெளியே சோறு கொண்டுபோக இனி யாருக்கும் சாக்கு இருக்கக் கூடாது. மற்றபடி இன்றைக்கு நான் எதையும் கேட்கவில்லை என்றார். டிரசர் கையை உயர்த்தி, எலிகளுக்கும் அடையாள அட்டை எடுக்க வேண்டுமா என்று நிஜமாகவே கேட்டார். கங்காணி அவருடைய கோட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டார்.

அடுத்த வாரம் திகாம் பத்து முஸ்லிம் நானா மளிகைக் கடையிலிருந்து பயறு மூட்டை வந்தது. ஆயா அவித்தாள், போலீஸ்காரர் எண்ண முடியாமல் திணறினார். மாதம் ஒன்று போயிருக்கும். மாரி கேட்காமலே எழுந்து நின்று, "ஏழெட்டு அம்பத்தாறு டீச்சர், ஒம்பதெட்டு எழுவத்திரெண்டு" என்று மழையாகக் கொட்டினான். பயறுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு அழுதேன் என்று மட்டும் சத்தியம் செய்வேன்.

எலிக்கூண்டுகளை வேலிக்குள் தூக்கிவந்த அன்று நான் டிரசரிடம் கேட்டேன். "எல்லாரும் குடுத்தாங்க. துரையே குடுத்தாரு. நீங்க ஒரு நாளும் குடுக்கலையா டிரசர்?" எனக்கு அதில் கொஞ்சம் கோபமும் இருந்தது. தினமும் பக்கத்திலேயே இருந்த ஆள், எப்படி மனசு கல்லாக இருந்தது என்று.

கூண்டைக் கீழே வைத்தார். "இல்ல டீச்சர். தினம் கை போவும். நாப்பத்தி மூணு பிள்ளைங்க இருக்கேன்னு கையைக் கோட்டுப் பாக்கெட்டுல போட்டுக்குவேன். அதுகிட்ட மன்னிப்பு மட்டும் கேப்பேன்" என்றார். பிறகு கிழங்குக்கு முன்னால் குந்தி, பையிலிருந்து ஒரு முழு அவித்த முட்டையை எடுத்து, ஓடு உரித்து, கம்பிக்குள் நீட்டினார். எலி முட்டையைத் தொடாமல் முதலில் அவருடைய விரலை மோந்து பார்த்தது. அந்த மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினார்.

அதற்கு மறு வருஷம் அவரை யான் என்கிற ஊர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். இரண்டு எலிகளையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

என் அண்ணன் பேத்தி இப்போது பினாங்கில் எலி வைத்துத்தான் ஆராய்ச்சி செய்கிறாள். போன தீபாவளிக்கு வந்தவளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். டிரசர் பாதி சரி என்றாள். புதிதாக ஒன்றைக் கற்றால் அதைப் பிடித்துவைக்க எலியின் மூளை புதுப் புரதம் செய்ய வேண்டுமாம். அதைத் தடுத்துவிட்டால் நேற்றுப் படித்த வழி இன்றைக்கு இல்லையாம். பயமும் துணிச்சலும்கூட மூளையில் எந்தப் புரதம் கூடுகிறது, எது குறைகிறது என்பதையும் பொறுத்ததாம். ஆனால் தின்ற பயறு நேராகத் தலைக்கு ஏறிவிடாது பாட்டி, உடம்பு அதை உடைத்து, தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும் என்றாள். டிரசர் இருந்திருந்தால் இவளை உட்காரவைத்து விடிய விடியக் கேள்வி கேட்டிருப்பார். இவளுக்கு ஏதோ ஒரு நோயின் பெயரையும் வைத்திருப்பார்.

அவள் சொன்னதில் ஒன்று மட்டும் என்னை விடவில்லை. மூளையில் இருக்கிற அந்தப் புரதங்கள் நிலையாக நிற்பதில்லையாம். அநேகமாக எல்லாமே சில நாளில், சில வாரத்தில் கரைந்து போய்விடுமாம். மூளைதான் திரும்பத் திரும்பப் புதிதாகச் செய்து, பழைய நினைவு கலையாமல் பார்த்துக்கொள்கிறதாம். அப்படியென்றால் அந்த முற்றத்தில் நோட்டும் ஒடிந்த பென்சிலுமாகத் துள்ளிக் குதித்த மனிதர் என் தலைக்குள் இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை கரைந்திருப்பார்! கடைக்கு எதற்குப் போனேன் என்பதைக் கூட மறந்துவிடுகிற இந்தக் கிழட்டு மூளை, அவரை மட்டும் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து திரும்பச் செய்துகொண்டிருக்கிறது. செய்யட்டும். அதற்காகவே தினமும் காலையில் ஒரு முட்டை தின்கிறேன்.